நீலகிரியில் ரோசேசியா: முகச் சிவப்பு அடங்கச் செய்யவேண்டியவை, வரிசையாக

கன்னமும் மூக்கும் சிவந்து, வாரக்கணக்கில் எரிச்சல் அடங்காமல் இருந்தால், குன்னூரிலும் கோத்தகிரியிலும் முதலில் கிடைக்கும் பதில் "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்பது. இரண்டாவதாகக் கிடைப்பது ஒரு களிம்பின் பெயர். எனக்கு முகப்பரு என்றார்கள், அலர்ஜி என்றார்கள், படை என்றும் ஒருவர் சொன்னார். ரோசேசியா என்ற பெயர் மருத்துவச் சீட்டில் விழுவதற்குள் பணமும் காலமும் நிறையக் கரைந்துவிட்டன. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரோசேசியா முகத்தோலில் வரும் ஓர் அழற்சி; ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. அழுக்கினால் வருவதும் அல்ல; எனவே தேய்த்துக் கழுவினால் போகாது, கூடத்தான் செய்யும். அடியோடு குணமாக்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இது நாள்பட்டது, ஆனால் நன்றாகக் கட்டுக்குள் வைத்திருக்க முடிகிற ஒன்று.

1. எது ரோசேசியா, எது அல்ல என்று பாருங்கள்

பொதுவாக முப்பது வயதுக்கு மேல் தொடங்குகிறது. பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. மூக்கு தடித்துப் பருக்கும் வகை மட்டும் ஆண்களிடம் அதிகம். இடம் முகத்தின் நடுப்பகுதி: இரு கன்னங்கள், மூக்கு, முகவாய், நெற்றியின் நடு. முதலில் திடீரென்று சூடேறிச் சிவந்து சிறிது நேரத்தில் வடிந்துவிடும். போகப்போகச் சிவப்பு நிலையாகத் தங்கும். அதன்மேல் சிறு கொப்புளங்கள் வரலாம், மெல்லிய இரத்தக்குழாய்க் கோடுகள் தெரியலாம்.

நம் தோல் நிறத்தில் சிவப்பு சிவப்பாகவே தெரிய வேண்டியதில்லை. செம்பு நிறமாகவோ, மங்கிய கருஞ்சிவப்பாகவோ தெரியும். அதனால்தான் பலருக்கு இது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. கண்ணை நம்புவதைவிட உணர்வை நம்புங்கள். முகம் கழுவியதும் குத்துகிறதா, அடுப்பருகே நின்றால் கன்னம் தணலாகிறதா, இதுவரை ஒத்துக்கொண்ட க்ரீம் இப்போது எரிகிறதா என்று கவனியுங்கள். மெல்லிய கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைக் கன்னத்தில் அழுத்திப் பார்த்தால், இரத்தக்குழாய் விரிவதால் வந்த சிவப்பு அழுத்தும்போது வெளிறி, எடுத்ததும் திரும்ப வரும். இது ஒரு குறிப்புதான். இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம்.

முகப்பருவில் கரும்புள்ளிகள் இருக்கும், ரோசேசியாவில் இருக்காது. புருவத்திலும் மூக்கோரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கான செதில் உதிர்ந்தால் அது பொடுகோடு சேர்ந்த தோல் அழற்சியாக இருக்கலாம். வண்ணத்துப்பூச்சி இறக்கை போல இரு கன்னத்திலும் சிவப்புப் படர்ந்து, மூக்கிலிருந்து வாயோரம் வரும் மடிப்பை மட்டும் விட்டுவிட்டு, கூடவே மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுதல் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அது லூபஸாக, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோயாக, இருக்கலாம். இரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

2. வீட்டில் இருக்கும் களிம்புக் குழாயை எடுத்துப் படியுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

குழாயைத் திருப்பி, நிறுவனப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், மொமெட்டாசோன், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முகம் வெளுக்க என்று கைமாறும் பல களிம்புகளில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இரண்டோடு மூன்றாவதாக ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. படைக்கு என்று தரும் கலவைக் களிம்புகளிலும் இது இருக்கும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. சில கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இதன் ஆபத்து, முதல் வாரத்தில் அது அருமையாக வேலை செய்வதுதான். சிவப்பு மறையும், தோல் பளபளக்கும். மாதக்கணக்கில் தடவத் தடவத் தோல் மெலிகிறது, இரத்தக்குழாய்கள் விரிகின்றன, மெல்லிய ரோமம் வளர்கிறது, கொப்புளம் கிளம்புகிறது. ஒரு நாள் தடவாமல் விட்டால் முகம் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரிகிறது. அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி தடவுகிறோம். ரோசேசியா இல்லாதவருக்கும் இந்தக் களிம்பு ரோசேசியா போன்ற முகத்தைக் கொண்டுவந்துவிடும்.

சில நாள் மட்டும் தடவியிருந்தால் நிறுத்திவிடலாம். பல மாதம் தடவியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் குழாயோடு போங்கள். படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்தி வேறு மருந்தால் தாங்கிப்பிடிப்பதா என்று அவர் முடிவு செய்வார். எப்படி நிறுத்தினாலும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், முகம் கொதிக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதைத் தாங்கிவிடலாம். அந்தக் காலத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும், "இன்றைக்கு ஒரு நாள் மட்டும்" என்று பழைய குழாயை எடுக்காதீர்கள்.

3. போகுமுன் சேர்த்துவைக்க வேண்டியவை

மலையில் இருந்து கிளம்பிப் போய், வரிசையில் நின்று, மருத்துவரின் எதிரில் உட்கார்ந்திருக்கப் போவது சில நிமிடங்கள். அதற்குள் உங்கள் கதை முழுவதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

முதலில் புகைப்படங்கள். தினமும் ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒரே நேரத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு முன்பக்கமும் இரு பக்கவாட்டும் எடுங்கள். முகம் கொதிக்கும் நேரத்தில் தனியாக ஒன்று எடுங்கள். இதைக் கட்டாயம் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. கோயம்புத்தூர் போகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம் இறங்கியதுமே சமவெளிச் சூடு முகத்தில் ஏறிவிடும். மருத்துவர் பார்ப்பது பஸ் பயணம் சிவக்கவைத்த முகம். உங்கள் அன்றாட முகத்தைப் படம்தான் காட்டும்.

அடுத்து ஒரு சிறு நோட்டு. இரண்டு வாரம் போதும். எப்போது சிவந்தது, அதற்கு ஒரு மணி நேரத்துக்குள் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே நின்றீர்கள், என்ன தடவினீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒருவருக்குச் சிவக்கவைப்பது இன்னொருவரை ஒன்றும் செய்யாது. ஆகவே அடுத்தவர் பட்டியலைப் பார்த்து நீங்கள் பத்தியம் இருக்க வேண்டாம்.

இதுவரை தடவிய எல்லாக் குழாய்களையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு என்று எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள்; இரத்தக்குழாயை விரிக்கும் சில மாத்திரைகளும் முகத்தைச் சிவக்கவைக்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்துத் தேர்வே மாறும்.

ஆதார் அட்டையும் பழைய ஓ.பி. சீட்டுகளும் கையில் இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் தோட்ட மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் விடுப்புக்கும் அதுவே ஆதாரம். திரும்பும்போது தேதி போட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

4. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

மாவட்டத்துக்குள் என்றால் உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் பொது மருத்துவரைப் பார்த்து, தோல் பிரிவுக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். தோல் மருத்துவர் எந்தெந்தக் கிழமை வெளிநோயாளிகளைப் பார்க்கிறார் என்று முந்தைய நாளே கேட்டு உறுதி செய்யுங்கள். பந்தலூர்க்காரர்களுக்கு ஊட்டி போய்த் திரும்புவதே ஒரு நாள் வேலை. போய்ப் பார்த்து "இன்றைக்கு இல்லை" என்று கேட்பது கொடுமை. காலையில் சீட்டுப் போடும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

கோயம்புத்தூர் போவதானால் முதல் பஸ்ஸில் கிளம்பி வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடப்படுவது உண்டு. அந்த மாதங்களில் மறுபரிசோதனைத் தேதி விழுந்தால், மருந்து தீர்ந்துபோகாதபடி இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

செலவு தோராயமாகச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் பார்க்கக் கட்டணம் இல்லை. தனியார் தோல் மருத்துவருக்கு 500 முதல் 1,000 ரூபாய். மெட்ரோனிடசோல் ஜெல் 150 ரூபாய்க்குள் முடியும். ஐவர்மெக்டின் க்ரீம், அசெலாயிக் அமில ஜெல் ஒவ்வொன்றும் சில நூறு. நல்ல சன்ஸ்கிரீன் 50 கிராம் 400 முதல் 800 வரை. தொடர்ந்து கையைக் கடிப்பது இதுதான். மாத்திரைகளை மக்கள் மருந்தகத்தில் விசாரியுங்கள், அங்கே விலை குறைவு. படுக்கையில் சேராத சிகிச்சைக்குக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

5. மருந்து தொடங்கியபின் முதல் மூன்று மாதம்

பெரும்பாலும் மேலே பூசும் மருந்தில்தான் தொடங்குவார்கள்: 0.75 சதவீத மெட்ரோனிடசோல், 15 சதவீத அசெலாயிக் அமிலம், 1 சதவீத ஐவர்மெக்டின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. ஐவர்மெக்டின், தோலில் எல்லோருக்கும் இருக்கும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணியைக் குறைக்கிறது. ரோசேசியா உள்ள பலரிடம் அது அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருக்கும். கொப்புளம் அதிகம் என்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை சேர்ப்பார்கள்.

இவற்றில் எதுவும் ஸ்டீராய்டு போல மூன்று நாளில் வித்தை காட்டாது. முதல் மாற்றம் தெரிய நான்கு வாரம், பலன் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல எட்டு முதல் பன்னிரண்டு வாரம். பத்தாம் நாள் பொறுமையிழந்து மருத்துவரை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அசெலாயிக் அமிலம் ஆரம்பத்தில் ஊறல் எடுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

டாக்சிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்காதீர்கள், தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். பாலோடு வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். சேர்ந்து போனால் மருந்து உடம்பில் ஏறாது. கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரையை எழுதினால் கட்டுப்பாடு இன்னும் கடுமை: சாப்பிடும் காலத்திலும், நிறுத்தியபின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது.

சிவப்பைச் சில மணி நேரம் மட்டும் வெளுக்கவைக்கும் பிரிமோனிடின் ஜெல் ஒன்று உண்டு. அதன் வேலை தீர்ந்ததும் சிலருக்கு முன்பைவிடச் சிவக்கும். முக்கியமான நிகழ்ச்சி நாளன்று முதல்முறையாக அதைப் பரிசோதிக்காதீர்கள்.

6. வெயில்: மூடுபனியை நம்பாதீர்கள்

கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர். உடம்புக்குச் சில்லென்று இருப்பதால் வெயில் உறைப்பது தெரிவதில்லை. மெல்லிய மேகத்தையும் பனியையும் ஊடுருவி அந்தக் கதிர் வருகிறது. டாக்சிசைக்ளின் சாப்பிடும்போது தோல் வெயிலுக்கு இன்னும் எளிதில் கன்றும்.

எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத, துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டையாக்ஸைடு உள்ள, வாசனை சேர்க்காத சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. பட்டாணி அளவு தடவிவிட்டுப் பலனில்லை என்று சொல்வது நியாயமில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களுக்கும், காரட் தோட்டத்தில் குனிந்து நிற்பவர்களுக்கும் அது நடைமுறையில் கடினம் என்று தெரியும். அவர்களுக்கு அகலமான விளிம்புத் தொப்பியும், கன்னத்தை மூடும் பருத்தித் துணியும் சன்ஸ்கிரீனைவிட அதிகம் உதவும். வெள்ளைப் பூச்சு முகத்தில் தனியாகத் தெரிகிறது என்று கூச்சப்பட்டால், இரும்பு ஆக்ஸைடு கலந்து தோல் நிறத்தில் வருவதைக் கேளுங்கள்.

7. சூட்டுக்கும் குளிருக்கும் இடையில்

மலைவாழ்க்கையில் முகத்தை அதிகம் படுத்துவது, குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்கு மாறும் அந்தச் சில நிமிடங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனிக் காற்றில் நடந்து வந்து நேராகக் கணப்புக்கு முன்னால் முகத்தைக் காட்டி உட்காராதீர்கள். கையையும் காலையும் சூடுபடுத்திக்கொள்ளுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஹீட்டர் இருந்தால் முகத்துக்கு நேராக வேண்டாம். குளிக்க வெந்நீர் இல்லாமல் இங்கே முடியாது. உடம்புக்கு வெந்நீர், முகத்துக்கு மட்டும் தனியாகச் சொம்பில் வெதுவெதுப்பான நீர். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஒரு எட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மங்கி குல்லாவும் கம்பளி மஃப்ளரும் கன்னத்தில் உரசினால் சிவக்கும். உள்ளே மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு அதன்மேல் கம்பளியைப் போடுங்கள்.

டீயை விடச் சொல்லவில்லை. நீலகிரியில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு மனமும் வராது, அவசியமும் இல்லை. பெரும்பாலானோருக்குச் சிவக்கவைப்பது டீயின் சூடுதான். ஆவி அடங்கட்டும், பிறகு குடியுங்கள். காரமும் மதுவும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை; உங்கள் நோட்டு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

8. தைலம், எலுமிச்சை, பார்லர்

நம் ஊரில் சளிக்கும் தலைவலிக்கும் முதல் மருந்து யூகலிப்டஸ் தைலம். வீட்டுக்கு வீடு இருக்கும். ரோசேசியா உள்ள முகத்தில் அது படவே கூடாது. யூகலிப்டஸ், கற்பூரம், மெந்தால் மூன்றும் எரிச்சலைக் கிளப்புகிறவை. தைலம் போட்டு ஆவி பிடிப்பதில் சூடும் தைலமும் சேர்ந்து தாக்குகின்றன. சளி பிடித்தால் தைலத்தைத் துணியில் தெளித்துத் தூரமாக வைத்து மோந்துகொள்ளுங்கள், கையை உடனே கழுவுங்கள். சவரத்துக்குப் பின் ஆண்கள் தடவும் சுள்ளென்ற திரவமும் இதே ரகம்தான்.

எலுமிச்சைச் சாறு, தக்காளி, பற்பசை, முல்தானி மிட்டி போட்டுத் தேய்ப்பது, பார்லரில் ப்ளீச், ஆவி ஃபேஷியல் எதுவும் வேண்டாம். சோப்புத்தன்மை இல்லாத மென்மையான முகக் கழுவி, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன்: இந்த மூன்றும் மருந்தும் போதும். புதிதாக எதை வாங்கினாலும் தாடை ஓரத்தில் சிறு இடத்தில் மூன்று நாள் தடவிப் பார்த்து, எரியாவிட்டால் முகத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு புதுப் பொருளை ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

9. கண்ணை மறக்காதீர்கள்

கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்தல், வறட்சி, இமையோரச் சிவப்பு, அடிக்கடி வரும் கண்கட்டி இருந்தால் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரோசேசியா கண்ணையும் பிடிக்கும், சிலருக்கு முகத்துக்கு முன்னாலேயே. வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம் இருந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கருவிழி பாதிக்கப்படலாம்.

10. லேசர் பற்றி யாராவது பேசினால்

கொப்புளம் மருந்தில் அடங்கும். விரிந்துபோன இரத்தக்குழாய்க் கோடுகள் அடங்காது. அவற்றுக்கு லேசர் உண்டு, அதற்குக் கோயம்புத்தூர் போகவேண்டும். ஒரு அமர்வுக்குச் சில ஆயிரம் ரூபாய், ஒன்றோடு முடியாது, ஆண்டுகள் கழித்து மறுபடி தேவைப்படலாம். நம் போன்ற நிறத்தில் தவறான லேசர் பட்டால் கறுந்தழும்பு விழும்; நீண்ட துடிப்பு 1064 நானோமீட்டர் என்.டி. யாக் வகை மாநிறத்துக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. எந்தக் கருவி, எத்தனை அமர்வு, மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஏப்ரல், மே வெயிலில் இதைத் தொடங்காதீர்கள். அத்தனை அமர்வுக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால், காதோரம் ஒரு சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து அந்த இடம் கறுக்காமல் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.